வன்னியில் ஒரு மண்டபத்தை மஜிக் காட்சிக்குத் தயார்படுத்துவது எப்படி?

ஊரில் மஜிக் காட்சி வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் பலூன், தோரணம், மேடைச் சோடனை பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். அவற்றைக் கடைசி நாளில் பார்க்கலாம். எந்தக் கதிரையில் இருப்பவருக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் முக்கால்வாசி வேலை. பாட்டுக் கச்சேரியை மேடையின் பக்கவாட்டில் நின்றும் கேட்கலாம். வித்தையை அங்கே நின்று பார்த்தால் ரகசியம் போய்விடும்.

முதல் தடவை செய்பவர்கள் கோயில் வீதியையும் விளையாட்டு மைதானத்தையும் விட்டுவிட்டு, பாடசாலை மண்டபம் அல்லது பொதுநோக்கு மண்டபம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

படி 1: இடத்தை வித்தைக்காரருக்குக் காட்டுங்கள்

நாள் குறிக்கும்போதே மேடையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து சொல்லுங்கள். பிறகு மேடை நடுவில் நின்று மண்டபத்தையும், மண்டபத்தின் நாலு மூலையிலிருந்து மேடையையும் போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். நெருப்பு உண்டா, பார்வையாளரை மேடைக்குக் கூப்பிடுவாரா, பொருட்களை மறைவாக அடுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பேச வேண்டும். திடீர் வெடிச்சத்தம், ஆளை வெட்டுவதுபோலக் காட்டும் வித்தை போன்றவை சபைக்கு ஒத்துவருமா? யுத்தத்தில் கை கால் இழந்தவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் நம் சபையில் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும். மாற்றி வைக்க அவரிடம் வேறு வித்தைகள் இருக்கும்.

படி 2: நேரம்

நம் பக்கத்து மண்டபங்கள் பல அரைச்சுவர் வைத்தவை. பகலில் நாலு பக்கமும் வெளிச்சம் வரும், மேடை லைற் எடுபடாது. இங்கே சூரியன் மறைவது, காலத்தைப் பொறுத்து, ஏறக்குறைய மாலை 5.45 இலிருந்து 6.35 வரை. அதற்குப் பிறகு தொடங்கினால் காட்சி அழகாக இருக்கும். ஆனால் கடைசி பஸ், யானை நடமாடும் வீதி, சின்னப் பிள்ளைகள் என்று பார்த்தால் பல ஊர்களுக்கு இரவு சரிவராது. அப்படியானால் காலை 10 மணிக்கு வையுங்கள். மேடைக்குப் பின்னாலும் வெயில் அடிக்கும் பக்கத்திலும் படங்கு கட்டி மறைத்தால் போதும்.

படி 3: பின்திரை

வித்தைக்காரருக்குப் பின்னால் யன்னல் திறந்திருந்தால் அவர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். அதை மூடுங்கள். பின்திரைக்கு வேலைப்பாடு இல்லாத, ஒரே கடும் நிறத் துணி நல்லது. சரிகைச் சேலை வேண்டாம், கண் அங்கேதான் போகும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் காலத்தில் துணியின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே ஒரு குழாயைச் செருகுங்கள். மேடை மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சீட்டும் பட்டுத்துணியும் பறந்தால் வித்தை கெட்டுவிடும்.

படி 4: கதிரை போடுதல்

இங்கே அவசரப்படாதீர்கள். வித்தைக்காரர் நிற்கும் இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி போடுங்கள். அதிலிருந்து நேர் முன்னே 3 மீற்றர் அளந்து, அங்கிருந்து வலப்பக்கம் 3 மீற்றர் அளவுங்கள். முதல் புள்ளியிலிருந்து இந்த இடத்தினூடாக ஒரு கயிற்றை மண்டபத்தின் கடைசிவரை இழுத்தால் 45 பாகைக் கோடு கிடைக்கும். இடப்பக்கமும் அப்படியே. கதிரை எல்லாம் இந்த இரண்டு கயிறுகளுக்கும் உள்ளேதான். முன்வரிசை குறுகியும் பின்வரிசை அகன்றும் வரும், அது சரிதான். வித்தைக்காரர் இன்னும் ஒடுக்கமாகக் கேட்டால் அவர் சொல்வதே முடிவு.

சின்னப் பிள்ளைகளுக்கு மேடையிலிருந்து 2 மீற்றராவது தள்ளிப் பாய் விரியுங்கள். மேடை உயரமென்றால் பாயை இன்னும் பின்னுக்கு எடுங்கள், கிட்ட இருந்தால் மேசைமேல் நடப்பது தெரியாது. நடுவில் சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு ஒரு பாதை விடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களை ஓரத்தில் ஒதுக்காமல் அந்தப் பாதையின் கரையிலேயே இருத்துங்கள். வாசலில் படி மட்டும் இருந்தால் பலகையால் சரிவு அமையுங்கள்.

அரைச்சுவருக்கு வெளியே கட்டாயம் ஆட்கள் கூடுவார்கள். விரட்ட வேண்டாம், உள்ளே கூப்பிட்டு இருத்துங்கள். மேடையின் பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டும் ஒருவரும் நிற்காதபடி இரண்டு பேரைக் காவலுக்கு விடுங்கள்.

படி 5: வெளிச்சமும் கரண்டும்

மேடைக்கு முன்னால் இடமும் வலமும் ஒவ்வொரு எல்ஈடி லைற், ஆள் உயரத்துக்கு மேலே, சரிந்து விழும்படி. ஒரு பக்கம் மட்டும் போட்டால் முகத்தில் பாதி இருட்டு. 13 அம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் ஏறக்குறைய 3000 வாற்று வரைதான் தாங்கும். தேநீர் கேத்தலை அந்த இணைப்பில் கொழுவ விடாதீர்கள். நீட்டு வயர்ச் சுருளை முழுதாக விரித்துப் பாவியுங்கள், சுருளோடு விட்டால் சூடாகி உருகும். ஜெனரேற்றர் வெளியில், காற்று மண்டபத்துக்குள் புகையைக் கொண்டுவராத பக்கத்தில் இருக்கட்டும்.

மழை தொடங்கும் காலத்தில் ஈசல் வந்து லைற்றை மொய்க்கும். மண்டபத்துக்குத் தள்ளி வெளியே ஒரு பளிச்சென்ற வெள்ளை லைற் போட்டு, மேடைக்கு மஞ்சள் வெளிச்சம் வைத்தால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

படி 6: ஒலி

ஒலிபெருக்கிப் பெட்டிகளை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வைத்தால் கூவும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். அன்று பக்கத்துக் கோயிலில் திருவிழா உண்டா என்றும் விசாரியுங்கள்.

படி 7: கடைசி வேலைகள்

நெருப்பு வித்தை இருந்தால் மண் வாளியும் தீயணைப்புச் சிலிண்டரும் மேடைக்கருகில் இருக்க வேண்டும். கிடுகுப் பந்தலின் கீழ் நெருப்பே வேண்டாம். தொடங்க இரண்டு மணித்தியாலம் முன்பே மேடையை வித்தைக்காரரிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்துங்கள். அந்த நேரத்தில் ஒருவர் முன்வரிசை ஓரக் கதிரையிலும் பின்வரிசை ஓரக் கதிரையிலும் இருந்து பார்த்து, தெரியக்கூடாதது ஏதும் தெரிந்தால் அவருக்குச் சொல்லட்டும். காட்சி முடிந்ததும் பிள்ளைகள் மேடைக்கு ஓடுவார்கள். அவர் பெட்டி கட்டி முடிக்கும் வரை காவலுக்கு விட்ட அந்த இரண்டு பேரும் அங்கேயே நிற்க வேண்டும்.