இடுக்கில் இரும்பு வெட்ட ரோட்டரி டூல்: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலன்ஸர் கிளாம்ப்பில் துருப்பிடித்து இறுகிய ஒரு 8 மி.மீ. போல்ட். ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கி வழுக்கியது. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தும் அசையவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, கிடைத்ததிலேயே அதிக வாட் போட்டிருந்த ரோட்டரி டூலை, அதாவது முனையில் சின்ன டிஸ்க் மாட்டி வேகமாகச் சுழற்றும் கைக்கருவியை, வாங்கி வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து உள்ளே நீட்டினால், டிஸ்க் போல்ட்டைத் தொடுவதற்குள் டூலின் உடம்பு சேஸிஸில் முட்டி நின்றுவிட்டது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். டிஸ்க் பக்கவாட்டில் மடங்கி, உடைந்து தெறித்தது. அன்றைக்கு அப்படி மூன்று டிஸ்க் போனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

டூலில் எந்தக் குறையும் இல்லை. வாங்குவதற்கு முன் அந்த இடுக்கை நான் அளக்கவே இல்லை. இந்த வேலைக்கு டூல் தேடுகிற பலரும் செய்கிற பெரிய தவறு இதுதான்: டிஸ்க் நுழையுமா என்று மட்டும் பார்ப்பது. அதற்குப் பின்னால் வரும் உடம்புக்கும், உடம்பைப் பிடித்திருக்கும் கைக்கும் சேர்த்து இடம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 மி.மீ. டிஸ்க்கின் ஆரம் 19 மி.மீ. டூலின் உடம்பு 50 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் அதில் பாதி 25. டூலை ஒரு அகலமான தகட்டின் மேல் படுக்க வைத்தால் டிஸ்க்கின் விளிம்பு தகட்டைத் தொடவே தொடாது, 6 மி.மீ. மேலே நிற்கும். அதனால்தான் சாய்க்கிறோம். சாய்த்ததும் வெட்டு கோணலாகிறது, கை கொஞ்சம் அசைந்தாலும் டிஸ்க் உடைகிறது. மூக்குப் பகுதி மெலிந்து நீண்டிருக்கும் டூல் இதில் நிறைய உதவும். பெட்டியில் வாட் எவ்வளவு என்று தேடுவதற்கு முன்னால் அந்த மூக்கைப் பாருங்கள்.

அடுத்தது, எந்தத் திசையிலிருந்து உள்ளே போகப்போகிறோம் என்பது. நேரான ரோட்டரி டூலில் டிஸ்க், டூலின் நீளத்துக்குக் குறுக்காக நிற்கும். போல்ட்டுக்கு இணையாக டூலை நீட்ட முடிந்தால் போல்ட் குறுக்கே வெட்டுப்படும். பக்கவாட்டிலிருந்து மட்டுமே போக முடியும் என்றால், அதே டிஸ்க் போல்ட்டை நெடுக்கே பிளக்கத்தான் பார்க்கும். அந்த இடத்துக்கு 90 டிகிரி திரும்பிய தலை வேண்டும். அதில் டிஸ்க், டூலின் நீளத்தோடு சேர்ந்து போகும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு பென்சில் போதும். அட்டையில் 38 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவில் பென்சில் முனையைக் குத்தி நிறுத்துங்கள். பென்சிலின் பின்பகுதியில் பழைய செய்தித்தாளை 5 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுருட்டிக் கட்டுங்கள். அதைக் கையில் பிடித்தபடி இடுக்குக்குள் விட்டுப் பாருங்கள். அட்டை வெட்ட வேண்டிய இடத்தைத் தொடுகிறதா, மணிக்கட்டு எங்கே இடிக்கிறது, தலையை எங்கே வைக்க வேண்டியிருக்கிறது என்று எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொடவில்லையா? அட்டையை வேறு கோணத்தில் ஒட்டிப் பாருங்கள். எந்த டூல் வேண்டும் என்பதை அந்த இடுக்கே காட்டிவிடும்.

உடம்புதான் தடை என்றால் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் நல்ல வழி. மோட்டார் வெளியே தொங்கும், கையில் பேனா போன்ற ஒரு பிடி மட்டும் இருக்கும். ஆனால் அதை வயர் மாதிரி எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்று நினைப்பது தவறு. உள்ளே சுழல்வது முறுக்கிய கம்பி. சட்டென்று மடக்கினால் உறை சூடேறும், கம்பி தேய்ந்து அறுந்துபோகும். பெரிய வளைவாக விடுவதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷாஃப்ட்டுக்கு என்று தனி வேக வரம்பும் இருக்கும். மோட்டார் அதைத் தாண்டி ஓடினாலும் ஷாஃப்ட் தாங்காது.

சரி, சக்திக்கு வருவோம். 35,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று பார்த்ததும் இது எதையும் அறுத்துத் தள்ளிவிடும் என்று தோன்றும். வேகம் வேறு, திருகும் வலு வேறு. 150 வாட் ரோட்டரி டூல் 35,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது, 700 வாட் ஆங்கிள் கிரைண்டர் 11,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கிரைண்டரின் திருகுவிசை ஏறத்தாழ 15 மடங்கு வரும். ரோட்டரி டூல் வேகத்தை வைத்துத்தான் வெட்டுகிறது. அழுத்தினால் வேகம் விழும், மோட்டார் சூடாகும், டிஸ்க் தேயும். தடித்த எல் வடிவ இரும்பு ஆங்கிளையோ 20 மி.மீ. கம்பியையோ அடிக்கடி வெட்டப்போகிறீர்கள் என்றால் இது அதற்கான கருவியே இல்லை. போல்ட், ஆணி, மெல்லிய தகடு, சின்னக் குழாய் இவற்றுக்குத்தான் பொருந்தும். அதைவிடப் பெரிய வேலைக்கு 75 மி.மீ. டிஸ்க் போடும் சின்ன கட்டரோ, நேரான உடம்பும் அதிக வலுவும் உள்ள டை கிரைண்டரோ பாருங்கள். காற்றில் ஓடும் டை கிரைண்டர் அளவில் சிறியது, ஆனால் காற்றை நிறுத்தாமல் கேட்கும். சின்ன டேங்க் உள்ள கம்ப்ரசர் பாதி வெட்டிலேயே மூச்சு வாங்கும்.

டிஸ்க் விஷயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, விட்டத்தைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்வது. 24 மி.மீ. டிஸ்க்கின் ஆரம் 12. நடுவில் மாண்ட்ரலின் (டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தண்டு) தலை ஆரத்தில் 3 மி.மீ. எடுத்துக்கொண்டால் மிச்சம் 9. புது டிஸ்க்காக இருந்தால் 8 மி.மீ. போல்ட்டைத் தாண்டும். கொஞ்சம் தேய்ந்ததும் மாண்ட்ரல் தலை போல்ட்டில் இடிக்கும், வெட்டு முடியாமல் நிற்கும். முடிந்தவரை ஃபைபர் வலை வைத்த டிஸ்க் வாங்குங்கள். வலை இல்லாத மெல்லிய டிஸ்க் லேசாக மடங்கினாலே சிதறும், இடுக்கில் கை எப்படியும் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும்.

இன்னொன்று ஆபத்தானது: ஆழம் போதவில்லை என்று பெரிய டிஸ்க்கை மாட்டுவது. 38 மி.மீ. டிஸ்க் 35,000 ஆர்பிஎம்மில் சுழன்றால் விளிம்பின் வேகம் விநாடிக்கு சுமார் 70 மீட்டர். அதே வேகத்தில் 75 மி.மீ. டிஸ்க்கைச் சுழற்றினால் 137 மீட்டருக்கு மேல் போகும். கட்டிங் டிஸ்க்குகளில் பொதுவாகக் காணும் வரம்பு விநாடிக்கு 80 மீட்டர். வெடித்தால் துண்டுகள் எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கும் ஆர்பிஎம், டூலின் உச்ச வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் தயவுசெய்து மாட்டாதீர்கள்.

தண்டை டூலில் இறுக்கிப் பிடிக்கும் காலெட் சின்ன விஷயம்தான், ஆனால் கவனம் வேண்டும். 3 மி.மீ. தண்டும் 3.2 மி.மீ. தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். 6 மி.மீ.யும் கால் அங்குலமான 6.35 மி.மீ.யும் அப்படித்தான். பொருந்தாத காலெட்டில் இறுக்கினால் மையம் விலகி ஆடும், வேகம் ஏறியதும் தண்டு நழுவி வெளியே வரலாம்.

எந்த உலோகம் என்பதையும் முன்பே யோசியுங்கள். அலுமினியம் சாதாரண டிஸ்க்கின் துளைகளில் அப்பிக்கொள்ளும், பிறகு டிஸ்க் வெட்டாது, தேய்த்துச் சூடேற்றும். அதற்கு அகலமான பள்ளம் உள்ள கார்பைடு பர்ரும் (பல் வைத்த கடின உலோக முனை) கொஞ்சம் மெழுகும் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரே இடத்தில் தயங்கித் தேய்த்தால் அந்த இடம் இன்னும் கடினமாகும். வைர டிஸ்க் எல்லாவற்றையும் வெட்டும் என்று இரும்புக்கு வாங்குகிறார்கள். சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து கரைந்து, டிஸ்க் சீக்கிரம் மொட்டையாகிவிடும்.

இடுக்கில் பொறி எங்கே போகும் என்பதை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன். திறந்த இடத்தில் தரையில் விழுந்து அணையும். வண்டிக்குள் எரிபொருள் குழாய், வயர், ரப்பர், பேட்டரி என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றை நகர்த்தவோ தீப்பிடிக்காத துணியால் மூடவோ வழியில்லை என்றால், சுழலும் டிஸ்க்கையே எடுக்காதீர்கள். கார்பைடு பிளேடு போட்ட ஆஸிலேட்டிங் டூல் (பிளேடு சுழலாமல் இப்படியும் அப்படியும் அதிரும் கருவி) மெதுவாக வெட்டும், ஆனால் பொறி மிகக் குறைவு. முகத்தை டிஸ்க் சுழலும் தளத்துக்கு நேராக வைக்காமல் இருக்க இடம் உண்டா என்பதையும் அந்தப் பென்சில் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள். கண்ணாடி மட்டும் போதாது, முகக்கவசமும் வேண்டும்.

என் போல்ட்டுக்குப் பென்சிலும் அட்டையும் அப்புறம்தான் செய்தேன். முன்பக்கமிருந்து போக வழியே இல்லை, பின்பக்கமிருந்து போல்ட்டுக்கு இணையாக மூன்று விரல் அகலச் சந்து இருந்தது. ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டின் பிடி அதில் உரசாமல் நுழைந்தது. வலை வைத்த 38 மி.மீ. டிஸ்க் ஒன்றே ஒன்று போட்டு, அழுத்தாமல், விட்டு விட்டு வெட்டினேன். கடைசி ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கிளாம்ப்பின் இழுப்பில் போல்ட் தானாகப் பிரிந்து கீழே விழுந்தது.