டிஸ்க் திறக்கவில்லையா? ஃபார்மட் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன மாதம் மச்சான் தன் கல்யாணப் படங்கள் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. டிஸ்க்கைச் செருகினால் ஓரத்தில் அதன் பெயர் வருகிறது, க்ளிக் செய்தால் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று நீளமாக ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. தெரிந்தவர் யாரோ போனிலேயே "டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, மச்சான் அதைச் செய்யவில்லை. படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, சரிசெய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். டிஸ்க் திறக்காமல் போவதற்கும் டிஸ்க்கில் இருப்பது அழிந்துபோவதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. ஏன் திறக்கவில்லை என்பதை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த நொடியிலேயே எழுதி வைத்துவிடுகிறது, நாம்தான் போய்ப் படிக்க வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

டிஸ்க்கைச் செருகியதும் மூன்று வேலை நடக்கிறது. கெர்னல் "ஒரு சாதனம் வந்திருக்கிறது" என்று கண்டுபிடிக்க வேண்டும், அதில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) என்ன வகை என்று தெரிய வேண்டும், அப்புறம் யுடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவை அதை உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்ய வேண்டும், அதாவது அந்த ஃபோல்டரோடு இணைத்துத் திறக்க வேண்டும் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் மீடியா ஃபோல்டருக்குள், ஃபெடோராவில் ரன் ஃபோல்டருக்குள் இருக்கும் மீடியாவில்). எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்தை அடியுங்கள். அதோடு -எஃப் சேர்த்தால் ஃபைல் சிஸ்டத்தின் வகையும் தெரியும். பட்டியலில் எஸ்டிபி, அதன் கீழே எஸ்டிபி1 என்பது போல உங்கள் டிஸ்க் வர வேண்டும். எழுத்து ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே அளவைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். இதில் அவசரப்பட்டு லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில் கை வைத்துவிடாதீர்கள்.

பட்டியலில் டிஸ்க்கே இல்லையென்றால் மென்பொருளை நோண்டிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகும் கேபிள்கள் நிறைய உண்டு, உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள், டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் சுழல்வதற்கான மின்சாரத்தையும் அந்த போர்ட்டிலிருந்துதான் எடுக்கிறது. போதவில்லை என்றால் டிக், டிக் என்று சத்தம் வரும், பெயர் வந்து வந்து போகும்.

டிஸ்க் பட்டியலில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால்தான் விஷயமே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றுங்கள். "சுடோ" (நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சொல்) என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்று சேர்த்தடித்து, மறுபடி இடைவெளி விட்டு -டபிள்யூ போட்டு என்டர் தட்டுங்கள். ஜன்னல் அப்படியே காத்திருக்கும். இப்போது செருகினால் வரிகள் ஒவ்வொன்றாக ஓடிவரும்: புது யுஎஸ்பி சாதனம், தயாரிப்பாளர் பெயர், எத்தனை பிளாக், கடைசியில் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பெயர். அதற்குப் பிறகு ஃபைல் மேனேஜரில் க்ளிக் செய்து பாருங்கள், உண்மையான காரணம் அப்போதுதான் வந்து விழும். மச்சானின் டிஸ்க்குக்கு வந்த வரி, "வால்யூம் இஸ் டர்ட்டி". அவ்வளவுதான்!

இதற்கு என்ன அர்த்தம்? அது என்டிஎஃப்எஸ் டிஸ்க், அதாவது விண்டோஸின் ஃபைல் சிஸ்டம் உள்ளது. விண்டோஸ் அதைச் சரியாக மூடி வைக்காமல் விட்டிருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு, ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையாமல் கெர்னல் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டுப் பாதித் தூக்கத்துக்குப் போகும். அந்த நிலையில் டிஸ்க்கைப் பிடுங்கினாலோ, எஜெக்ட் செய்யாமல் எடுத்தாலோ இந்த அடையாளம் ஒட்டிக்கொண்டுவிடும். லினக்ஸ் கெர்னலுக்கு 2021இல் 5.15 பதிப்போடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், இப்படி இருக்கும் டிஸ்க்கை எழுதும் உரிமையோடு திறக்கவே மாட்டேன் என்கிறது. பார்க்க எரிச்சலாக இருந்தாலும் அது செய்வது சரிதான், ஏனென்றால் அரைகுறையாக இருக்கும் ஒன்றின்மேல் எழுதினால்தான் ஃபைல் கெடும்.

ஆனால் படிக்க மட்டும் திறக்கும். ஆகவே முதல் வேலை காப்பி:

யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1 -ஓ ஆர்ஓ

கடைசியில் இருக்கும் ஆர், ஓ என்ற இரண்டெழுத்துக்குத்தான் "படிக்க மட்டும்" என்று பொருள். இப்படித் திறந்து வேண்டியதை வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் பக்கத்தில் விண்டோஸ் கணினி இருந்தால் அதில் செருகி, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் (சி, எச், கே, டி, எஸ், கே) கட்டளையை /எஃப் போட்டு ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து எடுத்து வாருங்கள், இதுதான் சிறந்த வழி. விண்டோஸ் கைக்கு எட்டவில்லை என்றால் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு "சுடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1" கொடுக்கலாம். இது சிறு கோளாறுகளைச் சரிசெய்து அந்த அடையாளத்தை எடுத்துவிடும், ஆனால் செக்டிஸ்க்கைப் போல ஆழமாகப் பார்க்காது. அதனால்தான் காப்பியை முதலில் எடுக்கச் சொன்னேன். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுவதே நல்லது.

பென் டிரைவ் திறக்கிறது, ஆனால் எதுவும் எழுத முடியவில்லை என்பது அடுத்த புகார். எஸ்டி கார்டு என்றால் அடாப்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக்கை முதலில் பாருங்கள், செருகும்போது விரல் பட்டே அது இறங்கிவிடும். ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள பென் டிரைவில் பிழை கண்டால் கெர்னல் தானாகவே "படிக்க மட்டும்" நிலைக்கு மாற்றிவிடும். டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, அந்த பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து, பல்சக்கர மெனுவில் ரிப்பேர் ஃபைல்சிஸ்டம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லையா? ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, காரணம் அதுதான். நீங்களே ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) ஆக ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால், அதன் உரிமை ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கக்கூடும். சௌன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) கட்டளையால் அந்த ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க் திறக்கவில்லை என்றால் உங்கள் லினக்ஸ் பழசா என்று பாருங்கள். கெர்னல் 5.7இலிருந்து நல்ல டிரைவர் உள்ளேயே வருகிறது, அதற்கு முந்தையது என்றால் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற பேக்கேஜைப் போட வேண்டும். ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நேற்று வரை திறந்த பென் டிரைவ் இன்று "அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்" என்றால், கெர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் துண்டுகள்) அப்டேட்டில் நீக்கப்பட்டுவிட்டன. ரீஸ்டார்ட் ஒன்றே போதும்.

டெபியனில் வேறொரு தொல்லை. பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்திருந்தால், ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அந்த பென் டிரைவுக்கான ஒரு வரி தங்கிவிடுவதுண்டு, /டெவ்/எஸ்டிபி1 என்று தொடங்கி யுஎஸ்பி0 என்ற ஃபோல்டரைக் காட்டும். பிறகு எந்த பென் டிரைவைச் செருகினாலும் யுடிஸ்க்ஸ் அந்த வரியின்படி நடக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். அந்த வரியின் தொடக்கத்தில் # போட்டுச் சேமியுங்கள்.

திறப்பதைப் போலவே கழற்றுவதிலும் கவனம் வேண்டும். காப்பி ஆகும் பட்டை முழுதாக நிறைந்தாலும் ஃபைல் இன்னும் ரேமில்தான் இருக்கலாம், பென் டிரைவ் மெதுவாகத்தான் வாங்கும். எஜெக்ட் கொடுத்து "இனி எடுக்கலாம்" என்று வரும்வரை பொறுங்கள், இரண்டு நிமிஷம் ஆனாலும் சரி. "டார்கெட் இஸ் பிஸி" என்று வந்தால் ஏதோ ஒரு செயலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃப்யூசர் -விஎம் என்று அடித்து, டிஸ்க் மவுண்ட் ஆன ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் யார் என்று சொல்லிவிடும். பல நேரம் அந்த ஃபோல்டருக்குள் நின்றபடி நாம் மறந்துவிட்ட டெர்மினல்தான்.

கடைசியாக, பயப்பட வேண்டிய ஒரே வரி: "ஐ/ஓ எரர்". கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் இது திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கே சாகிறது என்று அர்த்தம். ரிப்பேர், செக்டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள், அவை டிஸ்க்கை இன்னும் அலைக்கழிக்கும். அதைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்றை வாங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் முழுப் பிரதி எடுத்து, மீட்பு வேலையை அந்தப் பிரதியில் செய்யுங்கள். புது டிஸ்க் கைக்கு வரும்வரை பழையதைச் செருகவே வேண்டாம்.