சுனாமிப் பாடம் நடத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்துநாலு வருஷமாகப் புவியியல் நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் போன வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுனாமிப் பாடம். ஆரம்ப வருஷங்களில் நான் சொன்ன தவறுகள் அப்படியே என் காதில் விழுந்தன. தேதி மாறுவது, வரைபடத்தில் இடம் தவறுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

"மலையில் இருக்கிறவனுக்கு இந்தப் பாடம் எதற்கு?"

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் அன்று அலை கொண்டுபோனவர்களில் பலர் வெளியூரிலிருந்து மாதாவைப் பார்க்க வந்தவர்கள்.

"கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடு"

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொறுக்காது. 2005 ஜனவரியில் இதே வரியைக் கரும்பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், நாங்க வேளாங்கண்ணிக் கரையிலதான் நின்னோம். கடல் பின்னால போகவே இல்ல சார். அப்படியே ஏறி வந்துச்சு." நான் சொன்ன பதில்: "நீ சரியா கவனிச்சிருக்க மாட்டேம்மா." அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர்களோடு போன அத்தை திரும்பி வரவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் சொன்னதுதான் சரி. சுமத்ராவுக்கு அருகே கடல்தரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பிளந்தபோது, மேற்குப் பக்கத் தரை மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக்குப் போன அலையில் பள்ளம் முந்திக்கொண்டது. அங்கே கடல் உள்வாங்கியது. நம் பக்கம் வந்த அலையில் மேடு முந்தியது. 1755-ல் போர்ச்சுகலின் லிஸ்பனில் சுனாமிக்கு முன் கடல் பின்வாங்கியதும் உண்மை. ஆனால் அதை எல்லாக் கரைக்கும் விதியாகச் சொன்னால், உள்வாங்கட்டும் என்று பிள்ளை கரையிலேயே காத்து நிற்கும்.

இப்போது ஒரு பெரிய தாம்பாளத்தில் நாலு விரல் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மர ஸ்கேலை அமிழ்த்தி வைக்கிறேன். சட்டென்று ஒரு விளிம்பைத் தூக்கி மறு விளிம்பை அழுத்தினால், ஒரு பக்க ஓரத்தில் தண்ணீர் ஏறும், எதிர்ப்பக்கம் இறங்கும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும்.

உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். உள்வாங்காவிட்டாலும், நிலம் பலமாக ஆடினாலோ எச்சரிக்கை வந்தாலோ ஓட வேண்டும். நமக்கு நில ஆட்டத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. அன்று காலை 6.29-க்குத் தொலைவில் நடந்த நடுக்கத்தை நம் கரையில் பலர் உணரவே இல்லை. அலை வந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதையும் பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அலை வந்துபோய்விட்டது"

1960-ல் சிலியில் நடுக்கம், அளவு 9.5. அதன் சுனாமி வருகிறது என்று ஹவாயின் ஹிலோ நகரில் சைரன் ஊதியும் பலர் போகவில்லை. நள்ளிரவுக்குப் பின் முதலில் வந்த அலைகள் சிறியவை. இரவு ஒரு மணியைத் தாண்டி வந்த பெரிய அலையில் 61 பேர் இறந்தார்கள். 1964-ல் கலிஃபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் நாலாவது அலைதான் பெரியது. கடையைச் சுத்தம் செய்யத் திரும்பியவர்களும் அதில் சிக்கினார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரம்கூட இடைவெளி இருக்கலாம்.

"524 மீட்டர் உயர அலை"

அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் 1958-ல் மலைச்சரிவு தண்ணீரில் விழுந்தது. எதிர்ச்சரிவில் தண்ணீர் ஏறிய உயரம்தான் 524 மீட்டர். கடலில் ஓடிவந்த அலையின் உயரம் அல்ல. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த மண்சரிவை வீட்டில் பேசக் கேட்ட நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்.

சாவு எண்ணிக்கையை ஒப்பிக்க வைப்பது

வேண்டாம்.

ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா போகிறது. அதற்குள் தாம்பாளத்தோடு இந்தப் பாடத்தை இன்னொரு முறை எடுக்கும்படி இரண்டு ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறேன்.