ராமநாதபுரம் கடற்கரையில் கோடைக் கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் ஒரு சனி, ஞாயிறு கூடாரம் அடித்து, ஒரு வேலையும் இல்லாமல் கிடந்து வர ராமநாதபுரம் கடற்கரை அருமையான இடம். ஆனால் வருபவர்களில் பலர் இந்த மணலை ஆளில்லாத வெற்றிடமாக நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன. காலையில் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெயில் ஏறியதும் கடற்பாசி காயப்போடுவார்கள், சாயங்காலம் கரைவலை இழுப்பார்கள், இரவில் ஆமைக்குஞ்சு கடலுக்கு இறங்கும்.

காற்றைப் பார்க்காமல் இடம் பிடிப்பதுதான் முதல் தவறு. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. மே மாதம் முற்றும்போது கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். அப்போது தெற்கே வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் அலை ஏறும், சோற்றில் மணல் விழும். அதே நாளில் வடக்கே அரியமானில் கடல் குளம்போலக் கிடக்கும், சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். குழந்தைகளோடு கோடையில் வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வடக்குப் பக்கம் போகலாம். கூடார முளைகள் இந்த மணலில் நிற்காது. சிறு சாக்குகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்தால் அசையாது.

தனுஷ்கோடியில் இரவு தங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடம் அது. மாலைக்குள் வண்டிகள் திரும்பிவிட வேண்டும். அதன் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் குளிப்பதும் வேண்டாம். நீரோட்டம் ஆளை இழுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. "கொஞ்சம் காசு சேர்த்துத் தருகிறோம், தீவில் இறக்கிவிடுங்கள்" என்று நாட்டுப்படகுக்காரரிடம் கேட்காதீர்கள். மாட்டினால் அவர் பிழைப்பும் சேர்ந்து போகும். படகில் போக ஆசை என்றால் காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப்போகிறது.

இந்தப் பயணத்தில் என்றைக்கும் நினைவில் நிற்பது எதிர்பாராமல் சந்திக்கும் மனிதர்கள்தான். அதைக் கெடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் கயிறு பிடித்து வரிசையாக நிற்பார்கள். வலை வளைத்திருக்கும் தண்ணீருக்குள் போய்க் குளிக்கக் கூடாது, கயிற்றைத் தாண்டி ஓடவும் கூடாது. ஓரமாக நின்று, "நானும் ஒரு கை பிடிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். மீனைக் கொட்டியதும் ஒரு கைப்பிடி காரல் மீனை உங்கள் பக்கம் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு பேச வேண்டாம். மண்டபம் பக்கம் கடலில் தெரியும் மூங்கில் மிதவைகள் பாசி வளர்ப்பவை, அவற்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கரையில் காயும் பாசி குப்பையில்லை. அதன்மேல் பாய் விரித்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு மண்ணாகிவிடும். பாசி காயப்போடும் பெண்களைப் படம் எடுக்கும் முன் "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனக்குறைவு மன்னிக்க முடியாதது. இங்கே பல கடலோர ஊர்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அந்த ஊற்றில் கால் கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் அநியாயம். குடிக்க, சமைக்க, உப்பைக் கழுவ எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீரை ராமநாதபுரத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

"கடலோரம் வந்தும் மீன் இவ்வளவு விலையா?" என்று சண்டை போடுபவர்களும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மீன்தான் வரும், கொஞ்சமாகத்தான் வரும். பதநீர் வேண்டுமென்றால் விடியற்காலையில் வாங்குங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால், மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறினால் உடனே 108. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு எதையும் பைக்குள் போடாதீர்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, ஞாபகத்துக்கு எடுத்தேன் என்று சொன்னாலும் வழக்குதான். வெறும் சங்குகளையும் விட்டுவைக்கலாம், துறவி நண்டுக்கு வீடு வேண்டுமே.

அப்புறம் இரவு. சவுக்குச் சருகில் தீ மூட்டினால் காற்றில் தோப்பே பற்றிக்கொள்ளும். வெளிச்சம் இன்னொரு விதத்திலும் கெடுதல். பங்குனி ஆமைகள் முக்கியமாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிடும், குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். மே மாதத்திலும் குஞ்சுகள் வெளிவரலாம். அவை கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கின்றன. உங்கள் விளக்கு எரிந்தால் கூடாரத்தை நோக்கி வந்து செத்துப்போகும். குஞ்சைக் கண்டால் விளக்கை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். கையில் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இலங்கை பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கரையில் இரவு ரோந்து சாதாரணம். டிரோன் எடுத்துப்போகாதீர்கள். கூடாரம் போடும் முன்பே ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் குழுமத்தினர் வந்து விசாரித்தால் அடையாள அட்டையைக் காட்டி, எத்தனை பேர், எப்போது கிளம்புவீர்கள் என்று சொல்லுங்கள். கடலில் யாராவது தத்தளித்தால் கூப்பிட வேண்டிய எண்ணும் அவர்களுடையதுதான்: 1093.