கொழும்பில் படிக்க வருபவர்களுக்கு: பல்கலைக்கழகத்தில் முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கும்?

பல்கலைக்கழகம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். மாணவர் கையேட்டில் ஒழுக்காற்று விதிகள் இருக்கும் பக்கங்களையும், மாணவ ஆலோசகர்களின் பெயர்கள் இருக்கும் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிற நாளில் அந்தக் கையேடு கையில் இருப்பதே இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், தமிழ்நாடு என்று எங்கிருந்து வந்தாலும் ஆரம்ப மாதங்களில் எல்லோருடைய கவனமும் வெள்ளவத்தையில் போர்டிங் பிடிப்பதிலும் ஆங்கில விரிவுரையை விளங்கிக்கொள்வதிலும்தான் இருக்கும். பகிடிவதை (ராகிங்) தலைகாட்டுவதும் அதே மாதங்களில்தான்.

வாயால் சொன்ன முறைப்பாடு பெரும்பாலும் காற்றோடு போய்விடும். விரிவுரையாளர் அக்கறையாகத்தான் கேட்பார். "சரி, நான் பார்க்கிறேன்" என்பார். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு ஓர் அதட்டும் போடுவார். சில நேரம் அதுவே போதும். ஆனால் அதே ஆள் மறுபடி தொடங்கினால், முதல் தடவை நீங்கள் சொன்னதற்கு எங்கேயும் பதிவு இருக்காது. அதனால் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இடம் தருகிறது. உரிமை இருக்கிறது, சரி. ஆனால் மொழிபெயர்க்க ஆள் வரும்வரை கோப்பு தூங்கும். தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுவதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம்.

கடிதத்தில் தேதி, நேரம், இடம், யார் செய்தது, யார் பார்த்தார்கள் என்ற விவரங்கள் இருந்தால் போதும். "அவர் இனவாதி", "அவர் மோசமானவர்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். சிங்களத்தில் சொல்லியிருந்தால் காதில் விழுந்த மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளைப் போடுங்கள். விசாரணைக் குழு நிறுத்துப் பார்க்கப்போவது அந்த வார்த்தையைத்தான். வட்ஸ்அப் செய்தியாக இருந்தால், அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். கடிதத்தைச் சிரேஷ்ட மாணவ ஆலோசகருக்கோ பீடாதிபதிக்கோ எழுதி, துணைவேந்தருக்கும் ஒரு பிரதி போடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான்.

இன்னொன்று: எல்லா மனக்குறையையும் ஒரே கடிதத்தில் கொட்டாதீர்கள். புள்ளிகள் குறைந்துவிட்டன என்றால் அதற்கு மீள்திருத்தம் என்று தனி வழி, தனிக் காலக்கெடு இருக்கும். அறிவித்தல்கள் சிங்களத்தில் மட்டும் வருகின்றன என்றால் அது மொழி உரிமை விவகாரம். ராஜகிரியவில் இருக்கும் அரச கரும மொழிகள் ஆணைக்குழு வரை அதைக் கொண்டுபோகலாம். விரிவுரையாளர் அறைக்குத் தனியாக வரச்சொல்லித் தொந்தரவு கொடுத்தார் என்பது வேறு. மூன்றும் ஒரே தாளில் இருந்தால், வாசிப்பவர் தனக்குச் சுலபமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்.

கடிதம் போன பிறகு நடப்பது இதுதான். அரச பல்கலைக்கழகங்களில் ஒழுக்கம் துணைவேந்தரின் பொறுப்பு. அவர் முதலில் ஓர் ஆரம்ப விசாரணைக்கு ஆட்களை நியமிப்பார். உங்களையும் சாட்சிகளையும் எதிர்த்தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுப்பார்கள். இது தீர்ப்புச் சொல்லும் கட்டம் கிடையாது. விஷயத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். இருக்கிறது என்று அறிக்கை வந்தால் குற்றப்பத்திரம் கொடுத்து முறையான ஒழுக்காற்று விசாரணை வைப்பார்கள். அதில் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லவும் சாட்சி கொண்டுவரவும் உரிமை உண்டு. மாணவர் என்றால் எச்சரிக்கை, விடுதியிலிருந்து நீக்கம், வகுப்புத்தடை என்று தொடங்கிப் பதிவை ரத்துச் செய்வது வரை தண்டனை போகலாம். ஊழியர் என்றால் பாதை நீளம். ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையின்படி விசாரணை நடந்து, முடிவு பல்கலைக்கழகத்தின் ஆளும் குழுவான பேரவைக்குப் போகும். அதற்கு மேலும் அவர் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். விரிவுரையாளர் ஒருவருக்கு எதிரான முறைப்பாடு, நீங்கள் பட்டம் வாங்கும் நாள் வரைக்கும் இழுபட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் பலரையும் தடுமாற வைப்பது ஒன்று உண்டு. முறைப்பாடு கொடுத்ததும் அது "உங்கள் வழக்கு" என்று நினைப்பீர்கள். விசாரணையில் உங்கள் இடம் சாட்சியின் இடம்தான். வழக்கை நடத்துவது பல்கலைக்கழகம். அதனால் என்ன நடக்கிறது என்று யாரும் தேடி வந்து சொல்வதில்லை, முடிவைக்கூடச் சொல்லாமல் விடுவதும் உண்டு. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போனால் மனம் குறைவாக உடையும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள்: "இன்ன தேதியில் கொடுத்த முறைப்பாட்டின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" தகவல் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மற்றவரின் தனிப்பட்ட விவரங்களைத் தரமாட்டார்கள். ஆனால் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

மொட்டைக் கடிதம் போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பேர் இல்லாத கடிதத்தை வைத்துக் கண்காணிப்பைக் கூட்டலாம், விடுதியில் திடீர்ச் சோதனை வைக்கலாம். ஒருவரைத் தண்டிப்பது கஷ்டம், ஏனென்றால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் அவர் பதில் சொல்ல முடியாது. வேண்டுமானால் பேரோடு கொடுத்து, அதை இரகசியமாக வைத்திருக்கும்படி கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். தேர்வுகளை வேறொருவர் திருத்துவது, விடுதி அறை மாற்றம் போன்ற இடைக்கால ஏற்பாடுகளையும் அதிலேயே கேட்கலாம். கேட்காமல் இவை கிடைப்பது அபூர்வம்.

வெளியே பேசத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் மாணவருக்குப் பகிடிவதை செய்பவர்கள் பல நேரம் தமிழ் சீனியர்களே. ஒரே மொழி, ஒரே ஊர், சில நேரம் ஒரே பள்ளிக்கூடம். முறைப்பாடு என்று வாயெடுத்தால், "நம்ம அண்ணாமாரைச் சிங்கள நிர்வாகத்திடம் காட்டிக்கொடுக்கிறதா?" என்ற பேச்சு வரும். "தமிழ்ச் சங்கத்தில் சேர்க்க மாட்டோம், நோட்ஸ் தரமாட்டோம்" என்பதும் வரும். நோட்ஸ் வேறு இடத்திலும் கிடைக்கும். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்த வரப்பிரகாஷ் ஒரு தமிழ் மாணவர். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உடலுக்குக் காயம் மட்டுமில்லை, மன வேதனையோ பயமோ உண்டாக்கும் செயலும் அந்தச் சட்டத்தில் பகிடிவதைதான். தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை; பாலியல் தொந்தரவோ கடும் காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை. இது நீதிமன்றத்தில் தீர்க்கப்படும் குற்றம் என்பதால், பல்கலைக்கழகம் விசாரித்து முடிக்கும்வரை பொலிஸுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கலாம்.

பாலியல் தொந்தரவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. வளாகத்துக்குள் நடந்தாலும் பஸ்ஸில் நடந்தாலும் அது பொருந்தும். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தத் தகராறே வராது. காயம் என்றால் தனியார் கிளினிக்கில் மருந்து கட்டிவிட்டு வராமல் தேசிய வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை அங்கேதான் கிடைக்கும். பெண்களுக்கு 1938 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அரச பல்கலைக்கழகம் பாரபட்சம் காட்டினால் அது அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையோடு மோதும் விஷயம். அடிப்படை உரிமை வழக்காக உயர் நீதிமன்றத்துக்கு (நாட்டின் உச்ச நீதிமன்றம், Supreme Court) நேரே போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தில்தான் பலர் விழுகிறார்கள். பீடாதிபதி பேசுவார், குழு கூடும், பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடுவார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பதிவு இலக்கத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு 4இல், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கிறது, தொலைபேசி 1996. செலவு எதுவும் இல்லை. வழக்கு என்று வந்து, காசு இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வித்தியாசம்: 12(2) இலங்கைக் குடிமக்களுக்கானது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 12(1) எல்லோருக்கும் உரியது, உங்களுக்கும் சேர்த்து. பகிடிவதைச் சட்டமும் 345ஆம் பிரிவும் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. தனியார் பட்டப் படிப்பு நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு அடிப்படை உரிமை வழக்கு அநேகமாக உதவாது, ஏனென்றால் அது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிரானது. அங்கே உங்களைக் காப்பது நிறுவனத்தின் சொந்த விதிகளும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும்தான். பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய முறைப்பாட்டு விதிகளை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். தரத் தயங்கும் இடமாக இருந்தால், வேறு இடத்தில் விண்ணப்பம் போட இன்னும் நேரம் இருக்கும்.