கூட்டத்தின் வரலாறு வேறு, குடும்பத்தின் வழி வேறு: கொங்கில் முன்னோரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், ஊரைக் கேட்ட கையோடு "என்ன கூட்டம்?" என்று குலப்பிரிவையும் கேட்டுவிடுவது பலருக்கு வழக்கம். ஆந்தை, காடை, செங்கண்ணன், பயிரன், தூரன், ஓதாளன் என்று ஏதேனும் ஒரு பெயர் பதிலாக வரும். அதை ஒட்டிக் காணியூர் என்னும் ஆதி ஊரும் குலதெய்வமும் வரும். அப்பாருவுக்கு, அதாவது தந்தைவழிப் பாட்டனுக்கு, அப்பாவின் பெயரைக் கேட்டால்தான் பலருக்கும் வாய் அடைத்துப் போகிறது. முன்னோர் வழியை எழுத முனைவோர் இந்த இடத்தில்தான் முதல் தவறைச் செய்கிறார்கள். தெரியாத பாட்டனைத் தேடுவதை விட்டுவிட்டு, தெரிந்த கூட்டத்தின் கதையை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு வந்து, இடையில் எங்கோ தம் குடும்பத்தை ஒட்ட வைத்துவிடுகிறார்கள். கூட்டம் என்பது பங்காளிகள் யார், பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தக்கவர் யார் என்பதைச் சொல்லும் வேலி. அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டு. ஒரே கூட்டம் என்பதற்காகப் பரம்பரைத் தலைவரான பட்டக்காரர் வீட்டு வம்சாவளியைத் தம் வம்சாவளியாக எழுதிக்கொள்வதும், வீரப்பூர் அண்ணன்மார் கதையில் வரும் பெயர்களைப் பாட்டன் வரிசையில் சேர்ப்பதும் எவ்வளவு ஆசையோடு செய்தாலும் பிழையே. தன்னிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆவணத்தையோ இரண்டு பேரின் வாய்மொழியையோ சான்றாக வைத்து, கீழிருந்து மேலே ஏறுவதே முறை.

பட்டப்பெயரைப் பார்த்துச் சாதியை முடிவு செய்வது அடுத்த தவறு. பழைய கிரயப் பத்திரத்தில் 'கவுண்டன்' என்று இருந்தாலே அவர் கொங்கு வேளாளர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேட்டுவக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர், ஒக்கலிகர் ஆகியோரும், சேலம் தருமபுரிப் பக்கம் வன்னியரும் அதே பட்டத்தைக் கொண்டவர்கள். கூட்டம் என்ற பிரிவும் வேளாளருக்கு மட்டும் உரியதன்று. பெயர், பட்டம், கூட்டம் மூன்றும் பொருந்தினாலும் ஊரும் தகப்பன் பெயரும் பொருந்தாதவரை அவர் உங்கள் முன்னோர் அல்லர்.

ஊர் பொருந்துவது என்பதும் எளிதன்று. புதூர்களும் பாளையங்களும் வலசுகளும் வட்டத்துக்கு வட்டம் இருக்கின்றன. வலசு என்ற சொல்லே, இடம்பெயர்ந்து வந்தோரின் குடியிருப்பு இது என்று அறிவிக்கிறது. ஆகவே இன்று நாம் கும்பிடும் கோயில், மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து பிற்காலத்தில் கட்டியதாக இருக்கலாம். ஆதிக் காணி நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கலாம். இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் தேடுவோருக்கும் ஆவணம் கிடைக்காமல் போகிறது. கரூர் வட்டம் 1910 வரை கோவை ஜில்லாவில் இருந்து, பிறகு திருச்சி ஜில்லாவுக்குப் போனது. கொள்ளேகாலம் 1956-இல் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. ஈரோடு 1979-லும் திருப்பூர் 2009-லும்தான் தனி மாவட்டங்களாயின. எனவே தாராபுரத்துக்காரர் ஒருவரின் 1920-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 'கோயமுத்தூர் ஜில்லா' என்றே இருக்கும். தேட வேண்டிய அடுக்கும் அதுவே.

ஆண்டைக் கணக்கிடுவதில் நான் செய்த தவறு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் மாட்டிக்கொள்ளாதவர் குறைவு. எங்கள் வீட்டு மரப்பெட்டியில், செல்லரித்த ஜாதக நோட்டு ஒன்றில் 'தாது வருஷம் ஐப்பசி மாதம்' பிறந்த ஓர் ஆண்பிள்ளையின் கட்டம் இருந்தது. தாது என்றதும் 1876-இல் தொடங்கிய பஞ்சமே நினைவுக்கு வரும். ஆகவே அது என் பூட்டனின் ஜாதகம் என்று எழுதி வைத்தேன். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புபவை. தாது 1936-லும் வந்தது. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது நம் வழக்கம் என்பதால், அறுபது ஆண்டு இடைவெளியில் பிறந்த இருவருக்கும் ஒரே பெயர். சோதிடம் அறிந்த பெரியவர் ஒருவர்தான் கட்டத்தைப் பார்த்துத் திருத்தினார். அறுபது ஆண்டில் குருவும் சனியும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடும், ஆதலால் அவற்றைக் கொண்டு வேறுபாடு காண்பது கடினம். ராகு கேதுக்கள் மட்டும் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். அவை நின்ற இடம் 1936-க்கே பொருந்தியது. நான் பூட்டனாக எழுதியவர் என் பெரியப்பா.

மற்ற ஆண்டு முறைகளிலும் இதே கவனம் வேண்டும். வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி என்னும் வரி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1330 என்பது 1920 ஜூலையில் தொடங்கியது. ஹிஜ்ரிக்கு அப்படி ஒரே எண்ணைக் கூட்ட முடியாது. சந்திர ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவு என்பதால், ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882-இல், 1400 தொடங்கியது 1979-இல். பள்ளபட்டி, தாராபுரம், ஈரோடு பகுதி ராவுத்தர் குடும்பங்களின் பழைய நிக்காஹ் பதிவுகளைப் பார்ப்போர் இதை மறந்தால் நூறு ஆண்டில் மூன்று ஆண்டு வரை பிசகும்.

கிறித்தவக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேடுகள் பெருங்கொடை. ஆனால் கருமத்தம்பட்டி போன்ற பழைய பங்குகளில் பணியாற்றிய வெளிநாட்டுக் குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசெப்புஸ். இதை அறியாதவர் பாட்டனின் பதிவே இல்லை என்று திரும்பிவிடுகிறார், அல்லது ஒருவரையே இருவராக எழுதிவிடுகிறார். திருமணப் பதிவில் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு ஓரக் குறிப்பை விட்டுவிடுவது இதைவிடப் பெரிய இழப்பு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கத் திருச்சபையின் விதிவிலக்கு தேவைப்பட்டது. அது வழங்கப்பட்டபோது இருவரும் எத்தனையாம் படி இரத்த உறவு என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைக் கொண்டு அதற்கு முந்தைய தலைமுறையில் யார் யாருக்கு உடன்பிறந்தவர் என்பதைக் கண்டுவிடலாம்.

நில ஆவணங்களை மட்டும் நம்புவது, நிலம் இருந்தவர்களின் வரலாற்றை மட்டும் எழுதுவதாகும். பண்ணையில் உழைத்த அருந்ததியர் குடும்பங்களின் பெயர் பட்டாவிலும், அடங்கல் என்னும் ஊர்ச் சாகுபடிக் கணக்கிலும் இல்லாததால் அவர்களுக்கு முன்னோர் பதிவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலத்தின் பட்டியல், பண்ணை வீட்டுக் கூலிக் கணக்கு என்று அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுவது வீண். 1871 முதல் 1931 வரை சாதிவாரியாக அச்சானவை எண்ணிக்கைகள், ஆட்களின் பெயர்கள் அல்ல.

நிலம் இருந்த குடும்பங்களிலும் ஆவணத்தை அரைகுறையாகப் படிப்போர் உண்டு. கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்தாமல், சக்குபந்தி என்னும் நான்கு எல்லை விவரத்தையும் படிக்க வேண்டும். 'இன்னார் காட்டுக்குக் கிழக்கு, இன்னார் காட்டுக்கு வடக்கு' என்று வரும் அந்த இன்னார்கள் பெரும்பாலும் பங்காளிகளே. யு.டி.ஆர். எனப்படும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட பட்டாவையே அடிப்படையாகக் கொள்வதும் தவறு. 1979-க்கும் 1987-க்கும் இடையில் நடந்த அந்த வேலையில் பெயர்கள் மாறியும் விடுபட்டும் போனது பலர் அறிந்ததே. பாகப்பிரிவினைப் பத்திரம் அதைவிடச் சிறந்த சான்று. ஆனால் அதில் மகள் பெயர் இல்லை என்பதால் சொத்துக்கு உரியவருக்குப் பெண்மக்கள் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை 1989 மார்ச் 25 முதல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு 2005 வரை கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது, நாம் எழுதும் மரங்களில் பெண்கள் 'மனைவி' என்ற ஒரு சொல்லாக நின்றுவிடுவது. அப்பத்தாளின் (தந்தையின் தாய்) பிறந்த கூட்டமும் அம்மிச்சியின் (தாயின் தாய்) பிறந்த ஊரும் தெரியாமல் பாதிக் குடும்பமே இருட்டில் இருக்கிறது. தேடுவதற்கும் அது தடையாகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும் என்பதால் மூத்த பிள்ளையின் பிறப்பு அப்புச்சி (தாய்வழிப் பாட்டன்) ஊரின் பதிவேட்டில்தான் இருக்கும். தகப்பன் ஊரில் தேடி இல்லை என்று திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அங்கும் பிள்ளையின் பெயர் இல்லாமல், தகப்பன் பெயரும் 'ஆண்' அல்லது 'பெண்' என்ற குறிப்பும் மட்டுமே இருக்கக்கூடும்.

தாய்வழியை அறிய யாரும் ஆவணமாக மதிக்காத ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணத்து மொய் நோட்டைத்தான் சொல்கிறேன். எங்கள் அப்பத்தாள் கல்யாணத்து நோட்டில், மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில், தாய்மாமன் வீட்டு வரவுதான் முதல் வரி: ஊர், பெயர், தகப்பன் பெயர், இரண்டு ரூபாய். அதற்குக் கீழே அதே ஊரிலிருந்து வந்த நான்கு பேர். அந்த ஐந்து வரிகளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனபோது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டில் அதே தகப்பன் பெயரோடு மூன்று குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எண்பது கடந்த மூதாட்டிக்கு எங்கள் அப்பத்தாளின் பெயர் தெரிந்திருந்தது. அப்பத்தாளுடைய அம்மாவின் பெயரையும் அந்த மூதாட்டியே சொன்னார்.