முறிந்த போல்டும் கிணற்றுத் தண்ணீரும்

எஞ்சினின் தலைப்பகுதியில் (ஹெட்) ரேடியேற்றர் குழாய் மாட்டியிருக்கும் தேர்மோஸ்டற் மூடியைக் கழற்றுவோம் என்று 10-ஆம் நம்பர் ஸ்பனரை மாட்டி ஒரு இழுவை இழுத்தீர்கள், 'டிக்' என்று தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. சரி, ஸ்பனரை வைத்துவிட்டுப் போய் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அந்தக் கோபத்தோடு ட்ரில்லைத் தூக்கித்தான் நான் ஒருமுறை ஒரு ஹெட்டையே கழற்றும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

வன்னியில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. ஏ9 வீதியில் எஞ்சின் சூடேறினால் பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி ரேடியேற்றருக்குள் ஊற்றிக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே தண்ணீர். ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் உப்பு ஈரம். அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிபட்டு, போல்டைச் சீமெந்து வைத்ததுபோல இறுக்கிவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கூலன்ற்றை வடித்து, மற்றப் போல்டையும் கழற்றி, மூடியை மெல்ல ஆட்டி எடுங்கள். தண்டு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். டபிள்யூடி-40 (துரு இளக்கும் எண்ணெய்) அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு (இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்) போல்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், அது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும். ஆனால் இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாது, அப்படியே உருகி விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்கிறதா, அது போதும், நெருப்பை எடுத்துவிடுங்கள். வைஸ்கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) தண்டின் அடியைப் பிடித்து முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். கீச்சிட்டால் ஆறவிட்டுத் திரும்ப ஒயில், திரும்ப முன்னும் பின்னும்.

மட்டத்தோடு முறிந்திருந்தால் என் தெரிவு வெல்டிங்தான். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி ஒட்டுகிற ஆள் யாராவது பக்கத்தில் இருப்பார், கூட்டிவாருங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட் என்றால் 8 மில்லிமீற்றர் நட்டை அதன்மேல் நடுவாக வைத்து, ஓட்டைக்குள் நிரப்பி ஒட்டச் சொல்லுங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது, பயம் வேண்டாம். சிவப்பு மாறிய பிறகு ஸ்பனரைப் போட்டு மெதுவாக ஆட்டுங்கள். முதல் தடவை நட் மட்டும் கழன்று வரும், எனக்கு மூன்றாம் தடவையில் வந்ததும் உண்டு. ஒட்டுவதற்கு முன் பற்றரி வயர்கள் இரண்டையும் கழற்ற மறக்காதீர்கள், வெல்டிங் எர்த்தையும் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

ட்ரில் கடைசி வழி. தண்ணீர் போகும் ஓட்டையில் துணி அடைத்து, முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சரி நடுவில் சென்ரர் பஞ்ச் என்ற கூர் உளியால் குத்துங்கள். 3 மில்லிமீற்றரில் மெதுவாகத் தொடங்கி 5 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சும் புரிச்சுருளை ஊசியால் பிடுங்கி, 6-க்கு 1 டாப்பை (6 மில்லிமீற்றர் தடிப்பு, 1 மில்லிமீற்றர் இடைவெளியில் புரி வெட்டும் கருவி) ஓட்டுங்கள். நடுவிலிருந்து விலகிவிட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு லேத் கடைக்குப் போங்கள். ஈஸி அவுட் என்று, முறிந்த போல்டுக்குள் செருகித் திருப்பி எடுக்கும் கருவி ஒன்று விற்கிறார்கள், 6 மில்லிமீற்றருக்கு அதைத் தொடவே வேண்டாம். என் ஹெட் போனது அதனால்தான்: உள்ளேயே முறிந்தது, எந்த ட்ரில்லும் ஏறாத கடும் இரும்பு, கடைசியில் ஹெட்டைச் சாக்கில் சுற்றி வவுனியாவுக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன்.

புதுப் போல்ட் அதே நீளம், அதே புரி, தலையில் 8.8 என்று (அது பலத்தின் அளவு) குத்தியிருக்க வேண்டும். ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது ஹெட் வெடிக்கும், காற்றடித்துக் காயவையுங்கள். புரியில் அன்ரி-சீஸ் (போல்ட் இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) கொஞ்சமாகத் தடவி, புது கஸ்கற் வைத்து, போல்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். அந்த எஞ்சினுக்கான அளவு கையில் இல்லாவிட்டால் 10 நியூட்டன் மீற்றருக்கு மேல் போகாதீர்கள், அது ஸ்பனரைக் கிட்டப் பிடித்து மணிக்கட்டால் இறுக்குகிற அளவுதான். கூலன்ற்றைப் பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஃபான் ஒருமுறை சுழன்று நின்றதும் மூடியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் வண்டியை எடுக்கலாம்.